தெருவில் ஓட்ட ஒரு முன்சக்கர ஆர்சி கார்: வாங்குவதிலிருந்து முதல் ஓட்டம் வரை

ரேடியோ ரிமோட்டில் ஓடும் ஆர்சி கார் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் கண்ணில் படுவதெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கும் பக்கிகளும் (மண்ணில் ஓட்டும் உயரமான கார்கள்) டிரக்குகளும்தான். வீட்டு முன்னால் தார் ரோட்டில் சாயங்காலம் அரை மணி நேரம் ஓட்ட, நம் ஊர் மாருதி போலவே முன்சக்கரத்தால் இழுத்துக்கொண்டு போகிற சின்னக் கார் ஒன்று வேண்டும் என்று கேட்டால், பல கடைகளில் நாம் என்ன கேட்கிறோம் என்றே புரிவதில்லை. எதை வாங்குவது, பெட்டிக்குள் என்ன வரும், என்ன வராது, பார்சல் கஸ்டம்ஸில் நின்றால் என்ன காகிதம் காட்டுவது என்று துண்டு துண்டாக விசாரித்துச் சேர்க்கவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது. தமிழ்நாட்டில் புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவருக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்சக்கரக் காரில் இழுப்பதும் முன்பக்கம், திருப்புவதும் முன்பக்கம், ஓரக்கல்லில் போய் இடிப்பதும் முன்பக்கம். ஆகவே பாடியின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். முன்பக்கம் எவ்வளவு உறுதி, அது உடைந்தால் உதிரிபாகம் கிடைக்குமா, இந்த இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

1. முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நாள் தெருவில் நடந்து பாருங்கள். தார் வழவழப்பாக இருக்கிறதா, ஜல்லி பெயர்ந்து கிடக்கிறதா? ஓரத்தில் எம்-சாண்ட் குவியல் இருக்கிறதா? ஸ்பீட் பிரேக்கர் எத்தனை? ரோடு கார்களுக்குத் தரை இடைவெளி சில மில்லிமீட்டர்தான். வழவழப்பான தார், சிமென்ட் ரோடு, பேவர் பிளாக், மொட்டை மாடி, கல்யாண மண்டபத்தின் காலி பார்க்கிங் ஆகியவை சரிப்படும். தெரு முழுக்கக் குழியும் மண்ணும் என்றால் ரோடு காரை மறந்துவிடுங்கள். டாமியா என்ற ஜப்பான் நிறுவனத்தில் எம்-05ஆர்ஏ என்று உயரம் கூட்டிய ராலி வகை ஒன்று உண்டு. அது கிடைத்தால் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் முன்சக்கர ஆசையை ஒதுக்கிவிட்டு ஒரு பக்கி வாங்குவதே மேல்.

வண்டி போகிற வேகத்தையும் மனத்தில் வையுங்கள். கிட் எனப்படும், நாமே பூட்டும் பாகப் பெட்டியோடு வரும் சாதாரண 540 மோட்டாரிலேயே மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் வரை போகும். ஒன்றரைக் கிலோ எடை அந்த வேகத்தில் ஒரு குழந்தையின் கணுக்காலில் பட்டால் காயம் நிச்சயம். ஸ்கூட்டரில் வருகிறவர் அதைப் பார்த்துப் பதறி பிரேக் அடித்து விழுந்தால் அதைவிட மோசம். பஸ் போகிற ரோடு வேண்டவே வேண்டாம். முட்டுச் சந்து, காலனிக்குள் ஒதுங்கிய தெரு, ஞாயிற்றுக்கிழமை காலை நேரம் என்று பாருங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாய்கள் துரத்தும், அதையும் எதிர்பாருங்கள்.

2. முன்சக்கர இழுவை உங்களுக்குச் சரிப்படுமா

புதியவருக்கு இது நல்ல வகை. மோட்டாரும் கியரும் முன் அச்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எடை முன்சக்கரத்தின் மேல் உட்காருகிறது. ரிமோட்டின் வேக விசையான டிரிக்கரை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே நேராக இழுத்துக்கொள்ளும். பின்சக்கரக் கார் போல வால் சுழன்று திரும்பி நிற்காது. நடுவில் பெல்ட்டோ நீள ஷாஃப்டோ கிடையாது. கெட்டுப்போகக்கூடிய பாகம் குறைவு, விலையும் குறைவு.

குறைகளும் உண்டு. திருப்பத்தில் முழு திராட்டில் கொடுத்தால், அதாவது டிரிக்கரை முழுதும் அழுத்தினால், முன்பக்கம் திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். பாதித் திருப்பத்தில் பயந்து டிரிக்கரைச் சட்டென்று விட்டாலோ பிரேக் பிடித்தாலோ எடை முன்னுக்குச் சாய்ந்து, லேசான பின்பக்கம் வழுக்கிச் சுழலும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கால்வாசி திராட்டிலில் திரும்பி, நேரானதும் அழுத்துங்கள். இந்தப் பழக்கம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். சரிவில் ஏறும்போது எடை பின்னால் போவதால் முன்சக்கரம் வெறுமனே சுற்றும். கார் நிறுத்தும் சாய்தளத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

டிரிஃப்ட் பண்ண வேண்டும், குட்டிக்கரணம் அடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த வண்டி இல்லை.

3. அளவும் சேசிஸும்

நிஜக் காரில் 28-இல், 24-இல் ஒரு பங்கான 1/28, 1/24 அளவு குட்டிக் கார்கள் அழகாக இருக்கும். ஆனால் அவை வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் ஓட்டத்தான். தெருவில் ஒரு சின்ன ஜல்லியே அவற்றை நிறுத்திவிடும். தெருவுக்குக் குறைந்தது 1/10 வேண்டும். அதிலும் இரண்டு உடல்வாகு உண்டு. 190 மி.மீ. அகலமுள்ள டூரிங் அளவு ஒன்று, அதைவிடக் குட்டையும் குறுகலுமான எம்-சேசிஸ் அளவு மற்றொன்று (சேசிஸ் என்பது வண்டியின் அடிச்சட்டம்). நம் தெருக்களின் அகலத்துக்கு எம்-சேசிஸே பொருத்தம். சின்ன வட்டத்தில் திரும்பும்.

டாமியாவில் முன்சக்கர எம்-சேசிஸ்கள் எம்-03, எம்-05, எம்-07 என்று வந்தன. 2023-இல் எம்பி-01 வந்தது. இதை முன்சக்கர வண்டியாகவும் பூட்டலாம், பின்சக்கர வண்டியாகவும் பூட்டலாம். இன்று புதிதாக வாங்குகிறவர் எம்-05, எம்பி-01 இரண்டில் எது கையில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். எம்-05 நெடுநாள் விற்ற சேசிஸ் என்பதால் அதன் பாகங்களும் அனுபவஸ்தர்களும் நிறைய. எம்-07 பந்தயத்தை மனத்தில் வைத்துச் செய்தது. நல்ல வண்டிதான், ஆனால் தெருவுக்கு அந்தக் காசு வீண். எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எஃப்எம்1எஸ் போன்ற பந்தயக் கிட்களுக்கும் இதே பதில்தான்.

இங்கே இரண்டு பொறிகள். எம்-06, எம்-08 என்ற எண்களைப் பார்த்து “புது எண், நல்லதாக இருக்கும்” என்று எடுத்துவிடாதீர்கள், அவை பின்சக்கர வண்டிகள். டிடி-02 நாலு சக்கரமும் இழுப்பது. இரண்டாவது, வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான நீளம். எம்-சேசிஸ் பாடிகள் 210, 225, 239 மி.மீ. என்று மூன்று நீளத்தில் வரும். சேசிஸை மூன்றுக்கும் மாற்றிப் பூட்டலாம் என்றாலும், நீங்கள் தனியாக வாங்கும் பாடி எந்த நீளத்துக்கு என்று பார்க்காமல் காசு கொடுத்தால் சக்கரம் வளைவுக்கு நடுவில் நிற்காது.

ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு “ஹை ஸ்பீட் ஆர்சி கார்” என்று வருபவை பொம்மைகள். ஸ்டீயரிங் முழு இடது, முழு வலது தவிர வேறு தெரியாது. ஒரு கியர் பல் உடைந்தால் மொத்த வண்டியும் குப்பை. குழந்தைக்கு விளையாட வாங்கலாம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

4. முன்பக்கத்தைச் சோதியுங்கள்

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

டிரைவ் ஷாஃப்ட். முன்சக்கரக் காரில் இழுக்கும் சக்கரமே திரும்பவும் வேண்டும். அடிப்படைக் கிட்களில் இதற்கு டாக்போன் என்ற இரு முனையிலும் குச்சி துருத்திய கம்பியைத்தான் கொடுப்பார்கள். பூட்டிய பிறகு இப்படிச் செய்து பாருங்கள்: ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி, முன்பக்கத்தை விரலால் அமுக்கியபடி சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ‘டக் டக்’ என்று ஒவ்வொரு சுற்றிலும் இடறினால் டாக்போன், தான் உட்காரும் கப்பின் விளிம்பில் ஏறி இறங்குகிறது என்று பொருள். ரிமோட்டில் ஸ்டீயரிங் எல்லையைக் கொஞ்சம் குறைத்தால் தெருவுக்குப் போதும். அதற்கும் மேல் ஒரே ஒரு மேம்பாட்டுக்குக் காசு இருக்கிறது என்றால், முன்பக்கத்துக்கு யுனிவர்சல் ஷாஃப்ட் (முனையில் மூட்டு வைத்த ஷாஃப்ட்) வாங்குங்கள். வேகமான மோட்டார், அலுமினியம் பாகம் எல்லாம் அதற்குப் பிறகு.

டிஃபரன்ஷியல். இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி இது, சுருக்கமாக டிஃப். திருப்பத்தில் உள்பக்க முன்சக்கரத்தின் மேல் எடை குறையும். டிஃப் ரொம்ப இலகுவாக இருந்தால் மோட்டாரின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்திலேயே வீணாகச் சுற்றிப் போகும். பூட்டும்போதே டிஃபுக்குள் கெட்டியான கிரீஸ் நிரப்புங்கள். டாமியாவின் ஏடபிள்யூ கிரீஸ் இதற்கு எல்லோரும் போடுவது. ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும், ஆனால் விட்டவுடன் நின்றுவிட வேண்டும். அந்த அளவு இறுக்கம் போதும். டிஃபைப் பிரிப்பது பெரிய வேலை, முதல் முறையே செய்துவிடுங்கள்.

பேரிங். அடிப்படைக் கிட் பலவற்றில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் இருக்கும். நம் தெருப் புழுதி அந்தப் புஷ்ஷில் போய் உட்கார்ந்து, அச்சை உப்புத்தாள் போலத் தேய்க்கும். 11 மி.மீ. வெளிவிட்டம், 5 மி.மீ. உள்விட்டம் கொண்ட 1150 என்ற அளவுதான் பெரும்பாலும் தேவைப்படும். எத்தனை என்று கையேட்டில் எண்ணி, ரப்பர் மூடி போட்ட பேரிங் செட்டாக வாங்கி, பூட்டும்போதே போட்டுவிடுங்கள்.

சர்வோ சேவர். சர்வோ என்பது ஸ்டீயரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார். சக்கரம் கல்லில் இடித்தால் அந்த அடி சர்வோவின் பல்லுக்குப் போகாமல் நடுவில் வாங்கிக்கொள்ளும் பாகம் இது. கிட்டோடு வருவது தொளதொளவென்று இருந்தால் ஹை-டார்க் வகை ஒன்று வாங்கலாம். சேவர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். இன்னொன்று, சர்வோ அச்சின் பல் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஃபுட்டாபா வகைக்கு 25, சான்வா வகைக்கு 23. சேவரோடு பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

டயர். முன்டயர்தான் இழுத்தும் திருப்பியும் முதலில் தேயும். சில பேட்டரிக்கு ஒருமுறை முன்னதையும் பின்னதையும் மாற்றிப் போடுங்கள். மிக மென்மையான பந்தய டயர் தாரில் சீக்கிரம் கரைந்துவிடும், பிடி அதிகமானால் வண்டி கவிழவும் செய்யும். நடுத்தரக் கடினமுள்ள ரேடியல் டயரே தெருவுக்கு ஏற்றது.

5. பெட்டிக்குள் என்ன இருக்காது

கிட் என்றால் நீங்களே பூட்ட வேண்டிய பாகங்கள். சேசிஸ், டயர், நிறமற்ற பாடி, ஸ்டிக்கர், கையேடு, பெரும்பாலும் ஒரு 540 மோட்டார் ஆகியவை இருக்கும். ரிமோட், ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வண்டிக்குள் வாங்கும் பெட்டி), சர்வோ, பேட்டரி, சார்ஜர், பெயின்ட் இருக்காது. இஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி சில நாட்டுப் பதிப்புகளில் உள்ளே இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஒரே படம், ஒரே பெயர், உள்ளே மட்டும் வேறு. “இஎஸ்சி இருக்கிறதா, மோட்டார் இருக்கிறதா” என்ற இரண்டு கேள்வியையும் எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். எனக்கு விற்றவர் போனில் “எல்லாம் இருக்கும்” என்றார், வந்த பெட்டியில் இஎஸ்சி இல்லை. எழுத்தில் பதில் இருந்ததால்தான் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பி வந்தது.

செலவை ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கிட் 14,000 முதல் 22,000 ரூபாய். இஎஸ்சி 2,000 முதல் 3,000. சர்வோ ஆயிரத்துக்கு அக்கம்பக்கம், 3 முதல் 6 கிலோ இழுவை இருந்தால் போதும். ரிமோட்டும் ரிசீவரும் 3,000 முதல் 5,000. பேட்டரி 2,000 முதல் 3,000, சார்ஜர் அதே அளவு. பேரிங், பெயின்ட், கிரீஸ், ஸ்க்ரூடிரைவர் என்று இன்னொரு 3,000. கிட் விலைக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை இன்னும் தேவைப்படும் என்று கணக்குப் போட்டால் ஏமாற மாட்டீர்கள்.

இஎஸ்சியில் ஹாபிவிங்கின் குவிக்ரன் 1060 புதியவருக்கு நல்ல தேர்வு. தூசி, தண்ணீர் தாங்கும். அதில் இரண்டு குட்டி ஜம்பர்கள் (இடம் மாற்றிச் செருகும் துண்டுகள்) இருக்கும். ஒன்று லைப்போவா (லித்தியம் பாலிமர்) நிக்கலா என்று பேட்டரி வகையைச் சொல்ல, மற்றொன்று ரிவர்ஸ் வேண்டுமா என்று சொல்ல. ஜம்பரை நிக்கலில் விட்டுவிட்டு லைப்போ போட்டால் பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சிக் கெடுத்துவிடும். கிட்டோடு வரும் டாமியா டிபிஎல்இ-02எஸ் இஎஸ்சி 6.6 முதல் 7.2 வோல்ட்டுக்குச் செய்தது. அதில் லைப்போ போடாதீர்கள்.

ரிமோட்டில் ஃப்ளைஸ்கை போன்ற நிறுவனங்களின் துப்பாக்கி வடிவ 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை போதும். ஸ்டீயரிங் எல்லையைக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைக்க முடிய வேண்டும். இது இல்லாத ரிமோட்டைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

6. பேட்டரி, சார்ஜர்

முதல் பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, 7.2 வோல்ட், 3000 எம்ஏஎச் அளவில் இருக்கட்டும். அடி தாங்கும், பராமரிப்பு குறைவு, சாதாரண மோட்டாரில் இருபது நிமிடத்துக்கு அக்கம்பக்கம் ஓடும். 3 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏறும். சுவரில் செருகும் அரை ஆம்பியர் சார்ஜர் மலிவு, ஆனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவும் தானாக நிற்கும் வசதி இல்லாத சார்ஜராக இருந்தால் பேட்டரி கொதித்துவிடும்.

பிறகு லைப்போவுக்குப் போகலாம். இரண்டு செல், கடினக் கூடு போட்டது, வட்ட முனை பேட்டரிக் குழிக்குள் உட்காருமா என்று அளந்து வாங்குங்கள். ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் லைப்போவை வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது கட்டில், சோபா மேல் வைக்காமல் டைல்ஸ் தரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் போடுங்கள். உப்பிய பேட்டரியை “இன்னும் ஒரு தடவை” என்று பயன்படுத்தவே கூடாது.

7. எங்கே வாங்குவது, என்ன காகிதம்

உள்நாட்டு ஹாபி கடையில் சரக்கு இருந்தால் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பாகம் குறைந்தாலோ மோட்டார் ஓடாவிட்டாலோ அதுதான் கைப்பிடி. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். உள்ளே பாகப் பைகளில் ஆங்கில எழுத்து அடையாளம் இருக்கும், கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜப்பானிலோ ஹாங்காங்கிலோ விலை குறைவாகத் தெரியும். ஆர்டர் போடும் முன் இதையெல்லாம் கணக்கில் எடுங்கள். பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. உங்கள் பார்சல் பொம்மைத் தலைப்பில் போகிறதா, தனிநபர் இறக்குமதித் தலைப்பில் போகிறதா என்பதைப் பொறுத்து வரி பெரிதும் மாறும். அதை முடிவு செய்வது அதிகாரி. வரி, பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் கட்டணமும் சேர்ந்த மதிப்புக்கு. அதன் மேல் ஐஜிஎஸ்டி. கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தைத் தனியாகப் போடும். விற்பவரிடம் “கிஃப்ட் என்று எழுதி அனுப்புங்கள்” என்று கேட்காதீர்கள். வரியில்லாமல் பரிசுப் பொருள் தபாலிலும் கூரியரிலும் வருவதற்கு 2019 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு.

பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கஸ்டம்ஸில் இந்தக் கேள்வி வரலாம். ஆகவே தயாரிப்பாளரின் பக்கத்தில் அது பூட்டி ஓட்டும் மாடல் கிட் என்றும் எந்த வயதுக்கு என்றும் போட்டிருக்கும் இடத்தை முன்கூட்டியே அச்செடுத்து வையுங்கள்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: ஆதார் அல்லது பாஸ்போர்ட், பான், விற்பவரின் இன்வாய்ஸ், கார்டில் பணம் போனதற்கான வங்கிக் குறிப்பு, மேலே சொன்ன அச்சு. கூரியர் கேஒய்சி இணைப்பு அனுப்பினால் அன்றே ஏற்றிவிடுங்கள், தாமதித்தால் சேமிப்புக் கட்டணம் ஏறும். ஆதாரில் இருக்கும் பெயரும் பார்சலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறியதற்கே பார்சலை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கூடாதவை மூன்று. ஒன்று ரிமோட். ரேடியோ கருவி என்பதால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு கொடுக்கும் இடிஏ ஒப்புதல் கேட்கப்படும். அது தனிநபருக்கு வீண் தலைவலி, உள்ளூரில் விற்பதை வாங்குங்கள். இரண்டு, தனி லித்தியம் பேட்டரி. 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் அதைச் சரக்காக ஏற்றுவதில்லை. மூன்று, ஸ்ப்ரே பெயின்ட். அழுத்தம் ஏற்றிய டப்பா என்பதால் விமானத் தபாலில் வராது.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தக்காரர் வருகிறார் என்றால் கிட்டை அவர் பெட்டியில் கொண்டுவரலாம். பயணியின் வரியில்லா வரம்பு 2016 பேகேஜ் விதிகளில் 50,000 ரூபாய் என்று இருந்தது, பயணத் தேதிக்கு நடப்பில் இருக்கும் வரம்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி கொண்டுவந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 7.4 வோல்ட், 5000 எம்ஏஎச் லைப்போ 37 வாட்-அவர், 100-க்குக் கீழே இருப்பதால் தனி அனுமதி தேவையில்லை. முனைகளில் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

உள்ளூர் ஆர்டர் ஒரு வாரத்தில் வந்துவிடும். வெளிநாட்டுப் பார்சலுக்கு இரண்டு, மூன்று வாரம் போட்டு, கஸ்டம்ஸுக்கு இன்னொரு வாரம் ஒதுக்குங்கள். பிறந்தநாள் பரிசு என்றால் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

8. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால்

நல்ல வழிதான். ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் பாடியைக் கழற்றச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தாங்கும் முன் ஆர்ம் கோளாறா, சர்வோ பூட்டிய இடத்தில் பிளாஸ்டிக் வெடித்திருக்கிறதா, டாக்போன் உட்காரும் கப்பில் குச்சி பள்ளம் போட்டிருக்கிறதா, ஸ்க்ரூ ஓட்டைகள் வழுக்குகின்றனவா என்று பாருங்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடுவது இந்தக் கார்களில் சகஜம், கடகடவென்று ஆடினால் மாற்ற வேண்டியது நிறைய. பழைய பேட்டரியைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுங்கள்.

9. பாடியும் பெயின்ட்டும்

பாடி பாலிகார்பனேட். இதற்கு டாமியாவின் பிஎஸ் வரிசை ஸ்ப்ரேதான் ஒட்டும். டிஎஸ் வரிசை கடின பிளாஸ்டிக் மாடல்களுக்கு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே முதல் இடியிலேயே செதில் செதிலாக உதிரும். பிஎஸ் டப்பா எல்லா நிறத்திலும் எப்போதும் கிடைக்காது. ஆகவே கிட்டுக்கு முன்பே பெயின்ட் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கும் நிறத்தில் முடிவெடுங்கள்.

உள்பக்கத்தில் அடிக்க வேண்டும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவிட்டு, கண்ணாடி இடங்களுக்கு மாஸ்க் ஒட்டி, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடியுங்கள். இரண்டு நிறம் என்றால் அடர்ந்தது முதலில். மழை நாளில் அடிக்காதீர்கள், பால் போல வெளுத்துவிடும். வெளிப்பக்கப் பாதுகாப்புப் பிலிமைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும்.

10. பூட்டுவதும் முதல் ஓட்டமும்

பூட்ட இரண்டு, மூன்று சாயங்காலம் போதும். ஜப்பான் ஸ்க்ரூக்களின் தலை ஜேஐஎஸ் எனும் ஜப்பான் தர வடிவம். வீட்டில் இருக்கும் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதைத் துருவிவிடும். ஒரே ஒரு நல்ல ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ இறுகியதும் நிறுத்திவிடுங்கள், இன்னும் கால் சுற்று என்று போனால் மரை போய்விடும். மோட்டார் அச்சில் மாட்டும் பினியன் கியரை மாற்றுவதாக இருந்தால் கையேட்டில் சொன்ன மாட்யூலில் (பல்லின் அளவு) மட்டும் வாங்குங்கள். 0.6 மாட்யூலும் 48 பிட்ச்சும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று சேர்த்தால் பல் தின்றுவிடும்.

சர்வோ ஆர்மைப் பூட்டும் முன் ரிமோட்டையும் ரிசீவரையும் இணைத்து, ரிமோட்டில் நேர்த் திசையைச் சரிசெய்யும் டிரிம்மை நடுவில் வைத்து, சர்வோ நடுவுக்கு வந்த பிறகே பூட்டுங்கள். எப்போதும் ரிமோட்டை முதலில் ஆன் செய்து பிறகு வண்டி, ஆஃப் செய்யும்போது வண்டி முதலில். 1060 இஎஸ்சி ஆன் ஆகும் நொடியில் டிரிக்கரின் நடுநிலையைப் படிக்கும், அப்போது டிரிக்கரைத் தொடாதீர்கள். முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் ஒரு டப்பா மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். பின்பக்கமாகச் சுற்றினால் மோட்டார் ஒயர் இரண்டையும் மாற்றிச் செருகுங்கள். ரிமோட்டை ஆஃப் செய்து மோட்டார் நிற்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

முதல் பேட்டரி முழுதும் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து மோட்டாரின் மேல் விரலை வையுங்கள். மூன்று நொடி வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ கியர் இறுகியிருக்கிறது, அல்லது டயரில் நூலோ முடியோ சுற்றியிருக்கிறது. அடுத்த பேட்டரிக்கு முன் மோட்டார் ஆறட்டும். வீட்டுக்கு வந்ததும் 7 மி.மீ. ஸ்பேனரால் சக்கர நட்டுகளைச் சரிபாருங்கள், பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் முன் கியர் பெட்டியைச் சுற்றி மண்ணைத் தட்டுங்கள். எண்ணெய் தெளிக்காதீர்கள், புழுதி ஒட்டிக்கொள்ளும்.

அதே வாரம் உதிரிபாக ஆர்டர் போட்டுவிடுங்கள்: முன் ஆர்மும் நக்கிளும் (சக்கரம் திரும்பும் மூட்டு) சேர்ந்து வரும் பிளாஸ்டிக் பாகத் தொகுதி ஒன்று, டாக்போன் ஒரு ஜோடி, முன்டயர் ஒரு ஜோடி, பாடி கிளிப் ஒரு பை. உடைந்த பிறகு ஆர்டர் போட்டால் பார்சல் வரும் வரை வண்டி அலமாரியில்தான் இருக்கும்.